தலைவிதியா? உப்புக் கணக்கா?

சென்ற மாதம் ஒரு கிராமத்திற்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தோம். இறந்து போனவர் நாற்பத்திரண்டு வயதுக்காரர். இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போய், இரண்டு வருஷ காலமாகப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தவர். கடைசி வெள்ளிக்கிழமை வீட்டில் குலதெய்வத்திற்குப் படையல் என்பதாக ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. "ஒரு தரம் விட்டால் என்ன, செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று வீட்டாரும் சொன்னார்கள். அன்று பகல் முழுவதும் விரதம் இருந்தார். இரவு பஞ்சாமிர்தம் சாப்பிட்டு, வயிறு குளிரட்டும் என்று இரண்டு இளநீரும் குடித்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை கால்கள் துவண்டு, திண்ணையிலிருந்து எழுந்திருக்க ஒருவர் கை கொடுக்க வேண்டியிருந்தது. அசதி என்று நினைத்து நெற்றியில் விபூதி பூசிப் படுக்க வைத்தார்கள். திங்கட்கிழமை விடியற்காலம் கொல்லைக்குப் போக எழுந்தவர் நிலைப்படியிலேயே சாய்ந்துவிட்டார்.

துக்க வீட்டில் ஒரு பெரியம்மாள் நம்மிடம், "எல்லாம் அவன் எழுத்து, தம்பி. நாம யாரு தடுக்கறதுக்கு?" என்றார். சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் நட்சத்திரக் கணக்குச் சொன்னார். இன்னொருவர் படையலில் ஏதோ குறை வைத்துவிட்டதாகச் சந்தேகப்பட்டார். இறந்தவருடைய மனைவி மாத்திரம் ஒன்றும் பேசாமல் உள்ளே போய், ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களை எடுத்துவந்து நம் கையில் கொடுத்தார். அத்தனையும் ஆங்கிலம். சாவதற்கு மூன்று வாரத்துக்கு முந்திய இரத்தப் பரிசோதனைச் சீட்டில் பொட்டாசியம் 6.3 என்றும், பைகார்பனேட் 16 என்றும் அச்சடித்து, இரண்டுக்கும் பக்கத்தில் ஒவ்வொரு நட்சத்திரக் குறி போட்டிருந்தது. "அந்த நட்சத்திரம் எதுக்குன்னு எங்களுக்கு யாரும் சொல்லலைங்க" என்றார் அந்த அம்மாள்.

ஜாதகத்து நட்சத்திரத்தைப் பற்றி அவ்வளவு பேர் பேசிய அந்த வீட்டில், காகிதத்து நட்சத்திரத்தைப் பற்றிப் பேச ஒருவரும் இல்லாமல் போனார்கள். அதைப் பற்றித்தான் இன்று நாம் எழுத வந்தோம்.

அந்த மனிதர் இன்ன காரணத்தால்தான் செத்தார் என்று திட்டமாய்ச் சொல்ல நமக்கு யோக்கியதை இல்லை. பிணத்தை அறுத்துப் பார்க்கவில்லை. கடைசி நாளில் இரத்தமும் சோதிக்கவில்லை. ஆனால் ஆறு நாளாக டயாலிசிஸ் இல்லாமல், விரதமும் இருந்து, பஞ்சாமிர்தமும் இளநீரும் உட்கொண்டு, கால் துவண்டு, பிறகு திடீரென்று சாய்ந்த ஒருவருடைய கதையை எந்தச் சிறுநீரக டாக்டரிடம் சொன்னாலும், அவர் முதலில் உச்சரிக்கும் வார்த்தை பொட்டாசியம் என்பதாகத்தான் இருக்கும். எழுத்து, விதி என்ற வார்த்தைகள் அவர் வாயில் வரா.

பொட்டாசியம் என்பது ஒரு உப்புச் சத்து. பழம், கிழங்கு, கீரை, பருப்பு, இறைச்சி எல்லாவற்றிலும் இருக்கிறது. அது இல்லாமல் ஒரு தசையும் அசையாது. இருதயமும் ஒரு தசைதான். நெல்லை மரக்காலால் அளப்பதுபோல் இரத்தத்திலுள்ள உப்புக்களை அளக்க டாக்டர்கள் மில்லிஈக்விவலண்ட் என்று ஒரு அளவு வைத்திருக்கிறார்கள். அறுபது கிலோ எடையுள்ள ஒரு மனிதனுடைய உடம்பில் ஏறக்குறைய 3000 மில்லிஈக்விவலண்ட் பொட்டாசியம் உண்டு. இதில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உயிரணுக்களுக்குள்ளே அடைந்து கிடக்கிறது. மீதி இரண்டு பங்கு, அதாவது சுமார் 60, வெளியே இரத்தத்திலும் மற்ற நீரிலும் உலாவுகிறது. நாம் ஒரு நாளில் சாப்பிடும் சாப்பாட்டில் வருவது 50 முதல் 100 வரை. ஆகவே வெளியே இருக்கும் மொத்த இருப்பு எவ்வளவோ அவ்வளவு சரக்கு ஒவ்வொரு நாளும் உள்ளே வந்து சேருகிறது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

நல்ல சிறுநீரகம் உள்ளவனுக்கு இதைப்பற்றி ஒரு கவலையும் இல்லை. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடித்து, வேண்டியதைத் திரும்ப எடுத்துக்கொண்டு, வேண்டாததை ஒன்று அல்லது இரண்டு லிட்டர் மூத்திரமாக வெளியே அனுப்பிவிடுகின்றன. இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5-க்குக் குறையாமலும் 5-க்கு மிஞ்சாமலும் அவை பார்த்துக்கொள்ளும். சிறுநீரகம் கெட்டவனுக்கோ கொஞ்சம் மலத்தோடு போவதைத் தவிர மற்றதெல்லாம் உள்ளேயே தங்கும். 6, 6.5 என்று ஏறினால் கால் கைகள் துவளலாம். பலருக்கு எந்த அடையாளமும் தெரிவதில்லை. அதற்கு மேலும் ஏறினால் இருதயத்தின் தாளம் கெட்டு, நின்றே போய்விடலாம். வலி இல்லை, கூச்சல் இல்லை. அதனால்தான் இந்தச் சாவைப் பார்க்கிறவர்களுக்கு "எமன் கூப்பிட்டான், போனான்" என்று சொல்ல அவ்வளவு சௌகரியமாயிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மாலை விபூதி பூசிய நேரத்தில் அவரை ஒரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் என்ன செய்திருப்பார்கள்? இருதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுப்பார்கள். பொட்டாசியம் ஏறியிருந்தால் அந்தக் கோடே காட்டிக் கொடுப்பதுண்டு. நரம்பில் கால்சியம் ஊசி ஒன்று போட்டால் சில நிமிஷங்களில் இருதயத்துக்குக் காவல் கிடைக்கும். இன்சுலினையும் குளுகோஸையும் சேர்த்து ஏற்றினால் வெளியே நிற்கும் பொட்டாசியம் உயிரணுக்களுக்குள் போகும். பிறகு டயாலிசிஸில் வைத்து உடம்பை விட்டே வெளியேற்றுவார்கள். எமனோடு வாதாடிய சாவித்திரியின் கதையை விடிய விடியக் கேட்கிற ஊரில், எட்டு மைல் தூரத்தில் இந்த ஊசி இருக்கிற சங்கதி ஒருவருக்கும் தெரியாது.

விரதத்தைப்பற்றி ஒரு வார்த்தை. பட்டினி இருந்தால் பொட்டாசியம் ஏறாது என்றுதான் யாரும் நினைப்பார்கள். சாப்பிட்டால்தானே வரும்? ஆனால் விஷயம் நேர் விரோதமானது. நாம் சாப்பிடும்போது சுரக்கிற இன்சுலின், சர்க்கரையை மட்டுமல்லாமல் பொட்டாசியத்தையும் உயிரணுக்களுக்குள் தள்ளுகிறது. பட்டினியில் இன்சுலின் குறைகிறது. உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசிகிறது. மற்றவர்களுக்குச் சிறுநீரகம் அதை உடனே வெளியே தள்ளிவிடும். டயாலிசிஸ் நோயாளிக்கு அது இரத்தத்திலேயே நிற்கும். எனவே பகலெல்லாம் விரதம் இருந்து பொட்டாசியத்தை ஏற்றிக்கொண்டு, இரவில் வாழைப்பழமும் வெல்லமும் பேரீச்சம்பழமும் பிசைந்த பஞ்சாமிர்தத்தை அதன் தலைமேல் வைப்பதென்றால், இந்த வியாதிக்காரருக்கு அதைவிடக் கெட்ட யோசனை வேறில்லை. தெய்வ நம்பிக்கை உள்ளவர்களுக்கும் இதைத்தான் சொல்லுகிறோம். படையலை வீட்டார் போடட்டும். விரதத்திலிருந்து நோயாளியை விட்டுவிடட்டும்.

இளநீர் விஷயத்தில் நம்மவர்களுக்குள்ள பிடிவாதம் சொல்லி முடியாது. "இயற்கை தந்தது, அது என்ன செய்யும்?" என்கிறார்கள். அரளி விதையும் இயற்கை தந்ததுதான். நூறு மில்லி இளநீரில் சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் வரை பொட்டாசியம் இருக்கிறது. ஒரு காயில் 300 மில்லி என்று வைத்துக்கொண்டால், இரண்டு காய்க்கு 1200-க்குக் குறையாது. டயாலிசிஸ் நோயாளிக்கு ஒரு நாள் முழுவதுக்கும் சாதாரணமாக டாக்டர்கள் அனுமதிப்பதோ 2000 மில்லிகிராமை ஒட்டித்தான். இதைவிட மோசமான ஒன்று கடைகளில் "சோடியம் குறைந்த உப்பு" என்று நல்ல பேர் வாங்கிக்கொண்டு விற்கிறது. சோடியத்தைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடைச் சேர்த்திருக்கிறார்கள். இரத்தக் கொதிப்புக்கு நல்லது என்று யாரோ சொல்ல, பாசத்தோடு அதை வாங்கிவந்து புருஷனுக்குச் சமைத்துப் போடுகிற பெண்களை நாம் பார்த்திருக்கிறோம். குறுக்கே நறுக்கினால் ஐந்து முனை நட்சத்திரம்போல் தெரிகிற ஒரு புளிப்புப் பழம் இருக்கிறது, நட்சத்திரப்பழம் என்பார்கள். அதிலுள்ள விஷம் நல்ல சிறுநீரகத்தை ஒன்றும் செய்வதில்லை. சிறுநீரகம் கெட்டவனுக்கோ நிற்காத விக்கல், புத்தி மாறாட்டம், வலிப்பு, சில சமயம் சாவு. இதைத் தொடவே கூடாது.

அதற்காக நோயாளி காய்கறியையே மறக்க வேண்டியதில்லை. காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டால் பொட்டாசியத்தில் ஒரு பங்கு அதோடு போய்விடும். ஆப்பிள், அன்னாசி போன்ற பழங்களில் ஒரு துண்டு இரண்டு துண்டு சாப்பிடலாம். எது எவ்வளவு என்பது அவரவர் இரத்தக் கணக்கைப் பொறுத்தது. அந்தக் கணக்கை அவரிடம் சொன்னால்தானே அவர் அளந்து சாப்பிட முடியும்?

இனி இரண்டாவது நட்சத்திரக் குறி, அதாவது பைகார்பனேட் 16.

பைகார்பனேட் என்பது வேறொன்றுமில்லை, நம் வீட்டு ஆப்ப சோடாவில் இருக்கிற சரக்குத்தான். நாம் உண்ணும் பருப்பு, முட்டை, இறைச்சி முதலியவை உடம்பில் செலவாகும்போது அமிலம் உண்டாகிறது. கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிஈக்விவலண்ட் என்று கணக்கு. அந்தப் புளிப்பை உடனுக்குடன் சமன் செய்து தன்னையே செலவழித்துக்கொள்வது இரத்தத்திலுள்ள பைகார்பனேட். செலவானதைப் புதிதாய் உண்டாக்கி இருப்பைச் சரிக்கட்டுவது சிறுநீரகம். லிட்டருக்கு 24 என்பது சரியான இருப்பு. இரத்தத்தின் புளிப்பு–கார நிலையை அளக்கும் பி.எச். என்ற கணக்கு 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். எவ்வளவு குறுகிய வரப்பு, பாருங்கள்!

சிறுநீரகம் போனபின் இந்த இருப்பு நாளுக்கு நாள் கரைகிறது. அமிலத்துக்கு ஈடுகொடுக்க எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து வருகிறது. தசை கரைகிறது, சாப்பிட்டும் ஆள் இளைத்துப் போகிறான். புளிப்பு ரொம்பவும் மிஞ்சினால் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுக்கும். இதைப் பார்த்துவிட்டு ஆஸ்துமா என்று மந்திரித்துக் கயிறு கட்டுகிறவர்களும் உண்டு. அமிலம் மிகும்போது உயிரணுக்களிலிருந்து பொட்டாசியம் வெளியேறுவதும் உண்டாகையால், ஒரு கேடு இன்னொரு கேட்டுக்குக் கை கொடுக்கிறது. டயாலிசிஸுக்கு முன் பைகார்பனேட் 22-க்குக் குறையாமல் இருக்கட்டும் என்று அமெரிக்கச் சிறுநீரக டாக்டர்கள் 2000-ஆம் வருஷத்திலேயே விதி எழுதினார்கள். 16 என்பது எங்கே, 22 என்பது எங்கே? (இதைப் படித்துவிட்டு யாரும் அடுப்படியிலிருந்து ஆப்ப சோடாவை எடுத்துக் கரைத்துக் குடிக்க வேண்டாம். அதிலுள்ள சோடியம் தாகத்தையும் வீக்கத்தையும் கொண்டுவரும். மாத்திரையாகக் கொடுப்பதா, யந்திரத்தில் சரிசெய்வதா என்பதை டாக்டர் அளந்து சொல்ல வேண்டும்.)

யந்திரம் என்ன செய்கிறது? ஒரு மெல்லிய சவ்வுக்கு இந்தப் பக்கம் நோயாளியின் இரத்தம். அந்தப் பக்கம் நாம் கலந்து வைத்த உப்புத் தண்ணீர். நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் நான்கு மணி நேரத்தில் 120 லிட்டர் தண்ணீர் அவ்வழியே ஓடுகிறது. இரத்தத்தில் ஜாஸ்தியாயிருப்பது தண்ணீருக்குப் போகிறது. தண்ணீரில் ஜாஸ்தியாயிருப்பது இரத்தத்துக்கு வருகிறது. ஆகையால் அந்தத் தண்ணீரில் பொட்டாசியத்தைக் குறைத்து, பெரும்பாலும் 2 என்றும், பைகார்பனேட்டைக் கூட்டி 32-க்கு மேலும் வைக்கிறார்கள். இதிலே மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. ஊறுகாய்ப் பானையில் எலுமிச்சங்காய் ஊறுகிற தத்துவந்தான்.

யந்திரத்தின் கீழே இரண்டு கேன்கள் இருப்பதை நோயாளிகள் தினமும் பார்க்கிறார்கள். ஏன் இரண்டு என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பார்கள்? கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் கெட்டியாக ஒரே பாத்திரத்தில் கலந்தால் சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் படிந்துவிடும். அதனால் ஒரு கேனில் கால்சியமும் மற்ற உப்புக்களும் கொஞ்சம் அமிலமும், மற்றொன்றில் பைகார்பனேட். ஓடுகிற தண்ணீரில் கடைசி நேரத்தில் இரண்டையும் யந்திரமே கலக்கிறது. இந்தத் தொல்லைக்குப் பயந்து 1964-இல் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து டாக்டர்கள் பைகார்பனேட்டுக்குப் பதில் அசிடேட் என்ற உப்பைப் போட்டார்கள். அது உடம்புக்குள் போனபின் பைகார்பனேட்டாக மாறும். சுமார் இருபது வருஷம் உலகமெங்கும் அதுவே நடந்தது. பலருக்கு அதனால் இரத்த அழுத்தம் விழுவதும் குமட்டுவதும் தெரிந்தபின், யந்திரங்களைத் திருத்திப் பைகார்பனேட்டுக்கே திரும்பினார்கள். விஞ்ஞானம் தன் தப்பைத் தானே சொல்லித் திருத்திக்கொள்ளும். இந்த யந்திரத்தை மனிதனுக்கு முதலில் உபயோகித்து வெற்றி கண்ட வில்லெம் கோல்ஃப் என்ற டாக்டர், ஜெர்மானியர் பிடியிலிருந்த ஹாலந்தில் காம்பன் என்ற ஊரில், 1943-இல் தொத்திறைச்சிக்கு உறையாகும் செல்லோபேன் குழாயை மர உருளையில் சுற்றிக்கொண்டு ஆரம்பித்தார். முதலில் வைத்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் மாண்டார்கள். 1945-இல்தான் ஒரு கிழவி பிழைத்து எழுந்தாள். மாண்டவர்களின் கணக்கை அவர் ஒளிக்கவில்லை.

கணக்கை ஒளித்தால் என்னவாகும் என்பதற்கும் அமெரிக்காவே சாட்சி. அங்கே ஒரு பெரிய கம்பெனி டயாலிசிஸ் நிலையங்களையும் நடத்தி, அந்த நிலையங்களுக்கும் பிறருக்கும் வேண்டிய அமிலக் கேன் சரக்கையும் செய்து விற்றது. கிரானுஃப்லோ என்ற அந்தத் தூளில் மற்றச் சரக்குகளில் இருப்பதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது லிட்டருக்கு 8 வீதம், அசிடேட் இருந்தது. அசிடேட் உடம்பில் பைகார்பனேட்டாகிவிடும் என்று முன்பே சொன்னோம். யந்திரத்தில் காட்டுகிற பைகார்பனேட் எண்ணை மாத்திரம் பார்த்து அளவு வைத்த டாக்டர்கள் இந்த எட்டைச் சேர்த்து எண்ணாமல் விட்டால், நோயாளிக்குக் காரம் மிஞ்சிப்போகும். காரம் மிஞ்சினால் பொட்டாசியம் சட்டென்று இறங்கி, இருதயத்தின் தாளம் கெடக்கூடும். 2010-இல் தன்னுடைய 667 நிலையங்களில் 941 நோயாளிகளுக்கு இருதயம் நின்றதை ஆராய்ந்த அந்தக் கம்பெனி, 2011 நவம்பரில் தன் சொந்த நிலையத்து டாக்டர்களுக்கு மாத்திரம் எச்சரிக்கைக் கடிதம் எழுதிற்று. அதே தூளை விலை கொடுத்து வாங்கிய மற்ற நிலையங்களுக்குச் சொல்லவில்லை. கடிதத்தின் நகல் எப்படியோ சர்க்காரின் மருந்துக் கண்காணிப்பு இலாகாவின் கைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, 2012 மார்ச்சில்தான் பிறருக்கும் சொல்லப்பட்டது. பிறகு வழக்குகள் வந்தன. 2016-இல் 25 கோடி டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள்; குற்றத்தை மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தூள்தான் அத்தனை பேரையும் கொன்றது என்று நாம் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவன் தன் வீட்டுக்காரனுக்கு மட்டும் சொல்லிவிட்டு ஊராரிடம் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்தான் என்பதைத்தான் சொல்லுகிறோம். வேதத்தைப் பிறர் காதில் விழாமல் வைத்திருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் என்ன என்று வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

ஆகவே பொட்டாசியம் ஏறினாலும் ஆபத்து, வெகு வேகமாய் இறங்கினாலும் ஆபத்து. டயாலிசிஸ் நடக்கும்போது இருதயம் நின்றுபோனவர்களை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கணக்கில், அன்றைக்குப் பொட்டாசியம் 0 அல்லது 1 மட்டுமே வைத்த தண்ணீர் அவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு ஓடியிருந்தது. மற்ற நோயாளிகளில் நூற்றுக்கு 9 பேருக்குத்தான். "பொட்டாசியம் ஏறிவிட்டது, ஒரேயடியாய் உறிஞ்சி எடுத்துவிடு" என்று அவசரப்படுவதற்கில்லை. அடிக்கடியும் மெதுவாயும் எடுக்க வேண்டும்.

அடிக்கடி என்ற இந்த வார்த்தையில்தான் ஏழையின் உயிர் தொங்குகிறது. சீமைகளில் வாரத்துக்கு மூன்று தரம் டயாலிசிஸ் என்பது சாதாரண முறை. அந்த மூன்று தரத்திலும் ஞாயிற்றுக்கிழமையை ஒட்டி ஒரு நாள் கூடுதலாக இடைவெளி விழுகிறது. அமெரிக்காவில் 32,065 நோயாளிகளைக் கவனித்து 2011-இல் வெளியான ஆராய்ச்சியில், அந்த நீண்ட இடைவெளிக்கு மறுநாள் சாவு நூறு பேருக்கு வருஷம் 22.1 என்ற வீதத்திலும், மற்ற நாட்களில் 18.0 என்ற வீதத்திலும் இருந்தது. ஒரே ஒரு நாள் கூடினதற்கு இந்த வித்தியாசம்! நமது நாட்டிலோ பெரும்பாலோருக்கு வாரத்துக்கு இரண்டே தரந்தான். நீண்ட இடைவெளி அவர்களுக்கு எப்போதோ ஒரு நாள் வருகிற விபத்தல்ல. அதுவே அவர்களுடைய வாழ்க்கை. அதிலும் ஒரு தரத்தை விட்டுவிட்டால் மேலே சொன்ன மனிதருடைய ஆறு நாள் ஆகிறது.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லமாட்டோம். 2016-இல் மத்திய சர்க்கார் ஜில்லா ஆஸ்பத்திரிகளில் டயாலிசிஸ் நடத்தத் தேசியத் திட்டம் போட்டது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. இருபது முப்பது வருஷத்துக்கு முன் பணக்காரன் மாத்திரம் கண்ட யந்திரத்தில் இன்று கூலிக்காரனும் படுக்கிறான் என்பது பெரிய காரியமே. ஆனால் யந்திரத்துக்குக் காசில்லை என்றால், பஸ்ஸுக்குக் காசில்லாமல் போகுமா? கூடப் போகிற மனைவியின் ஒரு நாள் கூலியை யார் கொடுப்பார்கள்? மூன்றாவது தரத்துக்கு வரச்சொன்னால் "ரெண்டு நாளைக்கே மூச்சு முட்டுதுங்க" என்று நோயாளி சொல்லுகிறான். அவன் சோம்பேறித்தனத்தால் சொல்லவில்லை. மூன்று தரம் வேண்டியவர்களுக்கு மூன்று தரமும், போகவர பஸ் செலவும் கொடுப்பதை இனாம் என்று சர்க்கார் நினைக்கக்கூடாது. அது வைத்தியத்தில் ஒரு பாகம்.

இவையெல்லாம் பணம் வேண்டிய காரியங்கள், நாளாகும் என்பார்கள். ஒரு காசும் வேண்டாத காரியம் ஒன்று இருக்கிறது. பரிசோதனை செய்த ஒவ்வொரு தடவையும், பொட்டாசியம் எவ்வளவு, பைகார்பனேட் எவ்வளவு, எவ்வளவு இருக்க வேண்டும், உடம்பில் நீர் இல்லாத எடை எத்தனை கிலோ, அன்று யந்திரத்தில் வைத்த தண்ணீரில் பொட்டாசியம் எத்தனை என்ற நாலைந்து எண்களைத் தமிழில் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நோயாளியின் கையில் கொடுத்து, நட்சத்திரக் குறிக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். அடுத்த தரம் விட்டுப்போனால் எந்த அடையாளம் கண்டவுடன் எங்கே ஓடவேண்டும் என்பதையும் அதன் கீழே எழுத வேண்டும். இரத்தம் எடுக்கும்போது வெகுநேரம் இறுக்கிக் கட்டி, கையைத் திரும்பத் திரும்ப மூடித் திறக்கச் சொன்னால் பொட்டாசியம் பொய்யாகக் கூடிக் காட்டும். இதுகூட நோயாளிக்குத் தெரிந்திருந்தால் அவனே "அம்மா, கட்டைத் தளர்த்துங்கள்" என்று சொல்லுவான்.

இதற்குச் சில டாக்டர்கள் சொல்லும் ஆட்சேபணை நமக்குத் தெரியும். "பட்டிக்காட்டானுக்கு நம்பரைச் சொன்னால் என்ன புரியும்? பயந்து போவான்" என்கிறார்கள். ஒரு டாக்டர் நம்மிடம் நேரிலேயே சொன்னார். அவரைப் பால் சொசைட்டிக்கு ஒரு நாள் காலை ஐந்தரை மணிக்கு வரும்படி அழைத்தோம். கொழுப்பு எத்தனை, டிகிரி எத்தனை என்று ஒரு புள்ளிக்காக எழுதப்படிக்கத் தெரியாத கிழவி எழுத்தரோடு மல்லுக்கு நிற்பதை அவர் வந்து பார்க்கவேண்டும். கந்துவட்டிக்காரனிடம் பத்து வட்டிக் கணக்கை மனக்கணக்காகப் போடுகிறவனுக்கு, ஐந்துக்கு மேல் ஆறு என்பது விளங்காதா? ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பேரைப் பார்க்க வேண்டியிருக்கிறது, பேச நேரமில்லை என்று டாக்டர் சொன்னால் அதை நாம் ஒப்புக்கொள்ளுகிறோம். அது உண்மையான கஷ்டம். ஆனால் அதற்குப் பரிகாரம் அந்த வேலைக்கென்று தமிழ் தெரிந்த ஒரு ஆளைப் போடுவதுதான். நோயாளியை முட்டாள் என்பதல்ல.

துக்க வீட்டிலிருந்து நாம் புறப்படும் சமயம், அதே தெருவில் திங்களும் வியாழனும் அதே ஆஸ்பத்திரிக்குப் போகிற ஒரு தறிக்காரர் தம்முடைய காகிதப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். திண்ணையிலேயே உட்கார்ந்து அவருடைய கடைசிச் சீட்டைப் பார்த்தோம். பொட்டாசியம் 5.8, பைகார்பனேட் 19. அவருடைய சீட்டிலும் இரண்டு நட்சத்திரம் இருந்தது. தமிழில் எழுதிக் கேட்டார், எழுதிக் கொடுத்தோம். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "வியாழக்கிழமை டாக்டருகிட்ட இதை நீட்டிக் கேட்டுப் பார்க்கிறேனுங்க" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "லைட் உப்புன்னு ஒண்ணு வீட்டுல இருக்குதுங்களே?" என்றார்.